கொட்டிலில் கட்டியிருந்த பந்து

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒரு மழைக்காலம் முழுவதும் பசுவோடு ஒரு கால்பந்தும் கட்டியிருந்தது. பசு முளையில், பந்து உத்தரத்திலிருந்து தொங்கிய கயிற்று உறியில். தோல் சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. கன்றுக்குட்டி சில நாள் எம்பி எம்பி அதை நக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்த தோலின் வாசனையும் சாணத்தின் வாசனையும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு மழை பெய்வது போல் இருக்கும்.

மலையாள மண்ணில், கரமனையில் எங்கள் தெருவில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் பலர் பேரன் பேத்தி எடுத்துவிட்டீர்கள். சிலர் பம்பாய், டில்லி என்று போய்விட்டீர்கள். நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். கிழக்கேகோட்டையில் காபி ஹோட்டலில் இத்தனை வருஷமும் டம்ளர் தூக்கியவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நம்மையெல்லாம் காலையில் குளிக்காமல் வரச் சொல்லி ஒருவர் கெஞ்சினாரே, நினைவிருக்கிறதா? அவர் என் சித்தப்பா. இது அவரைப் பற்றியது.

சித்தப்பா அப்பாவுக்குக் கடைசித் தம்பி. காலேஜில் பந்தாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். இன்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றவர். கால் விந்தும். ஆட முடியாமல் போன பிறகு அவருக்கு ஆட்டத்தின் மேல் ஆசை இரண்டு மடங்காயிற்று. வீட்டில் இருப்பவர்களைக்கூட அவர் மைதானத்தில் நிறுத்தித்தான் பார்ப்பார். அப்பா ஃபுல் பாக், அவரைத் தாண்டி ஒன்றும் போகாது. அம்மா சென்டர் ஹாஃப், எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தான் நிற்பாள்.

அப்பா கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீஸில், குமாஸ்தா. யார் யாரையோ பார்த்துப் பேசி, அதே கச்சேரியில் சித்தப்பாவுக்கு நகல் எழுதும் வேலை ஒன்றை முடிவு செய்துவிட்டிருந்தார். சிங்கம் மாதம் ஒன்றாம் தேதி, மலையாள வருஷப் பிறப்புக்குப் போய்ச் சேர வேண்டும். சித்தப்பா தனக்கு வேறு வேலை வேண்டும் என்றார். ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பழக்குகிற வேலை. கோச் என்ற சொல் அப்போது நம் தெருவுக்கு வரவில்லை. பந்து வாத்தியார் என்றுதான் எல்லாரும் கேலி செய்தார்கள்.

"பந்துக்கு என்னடா வாத்தியார்? அது தன்னால உருளும்" என்றார் அப்பா.

"உருளறது பந்து அண்ணா. உருட்டறவனுக்கு வாத்தியார் வேணும்."

"கவர்மென்டுல அப்படி ஒரு போஸ்ட் உண்டோ?"

"கோல் போஸ்ட்தான் உண்டு."

அப்பா சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார். அம்மா சித்தப்பாவின் இலையில் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள்.

ஆனால் அந்த வேலை உண்மையிலேயே ஒன்று இருந்தது. டவுனில் ஒரு மலையாளி வக்கீல் கால்பந்து கிளப் வைத்திருந்தார். கிளப்புக்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைக்க நினைத்தார். இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் பட்டாளத்திலிருந்து பிரிந்து வந்த ஹவில்தார். மற்றவர் சித்தப்பா. வக்கீலுக்கு வழக்கை இழுக்கத் தெரியுமே தவிர முடிக்கப் பிடிக்காது என்பார்கள். இதை மட்டும் அவர் சுருக்கமாக முடித்தார். "ரெண்டு பேரும் புதுப் பிள்ளைங்களைக் கொண்டு வாங்கோ. கர்க்கடக மாசம் முடியறதுக்குள்ளே ஒரு மாச்சு. ஜெயிக்கிறவருக்கு உத்யோகம்."

ஜெயித்தால் மைதானம், தோற்றால் கச்சேரி. சித்தப்பா அப்பாவிடம் அப்படியே சொல்லி, அதுவரை அவகாசம் வாங்கிக்கொண்டார்.

ஆட்டக்காரர்களுக்கு எங்கே போவது? பள்ளிக்கூட டீம்களில் இருந்த நல்ல பையன்களை ஹவில்தார் முன்னாலேயே வளைத்துக்கொண்டார். இந்தக் கவலையோடு சித்தப்பா ஒரு காலையில் என்னோடு ஆற்றுப் படித்துறைக்குப் போகும் வழியில் உமிக்கரியால் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கோயில் பூஜைக்காரர் பிள்ளை ஆற்றில் முழுகிவிட்டு வந்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக மடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். முழுகிய ஈர வேட்டியோடு, பூஜைக்கு ஒரு குடம் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலுக்கோ வீட்டுக்கோ வர வேண்டும். வழியில் குளிக்காதவர்கள் யாரும் மேலே பட்டுவிடக் கூடாது. பட்டால் மடி போயிற்று. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பப் போய் முழுக வேண்டும். படித்துறையிலிருந்து கோயில் வரை அந்தத் தெருவில் எருமை வரும், கீரைக்காரி வருவாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடும். அத்தனைக்கும் நடுவில் நம் பையன்கள் தினமும் ஒருவர் மேலும் படாமல் வந்து சேர்வார்கள். பழக்கம்தான். யாரும் அதை ஒரு வித்தையாக நினைத்ததில்லை.

அன்றைக்கு ஒரு வண்டி மாடு மிரண்டு குறுக்கே திரும்பியது. பூஜைக்காரர் பிள்ளை இடுப்பை மட்டும் ஒரு பக்கம் ஒடித்து, மாட்டுக்கும் கீரைக்காரிக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போனான். குடத்துத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை. சித்தப்பா வாயிலிருந்த கரியைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

"பார்த்தியாடா அந்த இடுப்பை?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். "ஊரெல்லாம் தேடறேன், ஆள் தினம் வாசல்ல போறான்."

அடுத்த நாளிலிருந்து நமக்கு வேலை வந்தது. குளிக்காமல் வர வேண்டும், மடியாக வருகிறவர்களைத் துரத்தித் தொட வேண்டும். தொட்டவனுக்குக் கடலை மிட்டாய். நம்மிடம் அகப்படாமல் தப்பியவன் சித்தப்பாவின் டீமில். வாழைமரத்துக்குப் பின்னாலும் வைக்கோல் போருக்குப் பின்னாலும் ஒளிந்திருந்து, ஈர வேட்டி சப்தம் கேட்டதும் பாய்ந்தோமே.

நான் ஒரு மிட்டாயும் வாங்கவில்லை. கையை நீட்டுவேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வெட்கம் வந்து கை பின்னால் போய்விடும். நீங்கள் எட்டுத் திசையிலிருந்தும் ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவர் மோதி விழும்போதும் நான் மட்டும் எப்படியோ நழுவித் தனியாக நிற்பேன். சித்தப்பா இரண்டு நாள் பார்த்தார். "உனக்கு இது சரிப்படாதுடா கண்ணா. நீ பந்து பொறுக்கிப் போடு" என்று முதுகில் தட்டினார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டாப்பா, ஒனக்கு மனுஷத்தன்மை உண்டோ? எங்காத்துப் பிள்ளை நேத்திக்கு நாலு தரம் முழுகியிருக்கான். மூக்கு அருவியாக் கொட்டறது."

"நாலு தரமா மாமி?" என்று சித்தப்பா வருத்தமாகக் கேட்டார். "அப்போ ரிசர்வ்லதான் வைக்க முடியும்."

மாமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிப்பை அடக்க உள்ளே போனாள்.

பதினொரு பேரும் ஒரு ரிசர்வும் சேர்ந்தார்கள். மழை விட்ட சாயங்காலங்களில் ஆற்று மணலில் ஆட்டப் பழக்கம் நடக்கும். பாதிப் பேருக்குக் குடுமி. தலையால் பந்தை முட்டினால் அது குடுமி முடிச்சில் பட்டுத் தன் இஷ்டத்துக்குப் போகும். ஆட்டம் முடிந்தால் தோலைத் தொட்ட தீட்டுக்கு எல்லாரும் மறுபடி ஆற்றில் முழுகுவார்கள். ஆனால் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அவர்கள் போனால் யாராலும் பிடிக்க முடியாது. பூஜைக்காரர் பிள்ளை ஐந்து பேருக்கு நடுவில் புகுந்து, ஒருவர் மேலும் படாமல் அந்தப் பக்கம் வந்துவிடுவான். குடத்துக்குப் பதில் பந்து, அவ்வளவுதான் வித்தியாசம். சித்தப்பா கரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சிரிப்பார். கச்சேரிக்கென்று அப்பா தைக்கக் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டை அளவு பார்க்க டெய்லர் கூப்பிட்டனுப்பியும் அவர் போகவில்லை.

மாச்சு நாளன்று காலையிலிருந்து மழை. மைதானத்தில் கணுக்கால் சேறு. அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு டீமும் வெறுங்கால்தான். ஹவில்தாரின் பையன்கள் பல ஜாதி, பல தெரு. வண்டிக்காரர் மகன் ஒருவன் அவர்களுக்கு நடுநாயகமாக நின்றான், உரலுக்குக் கால் முளைத்த மாதிரி.

ஆரம்பத்திலேயே நாம் ஒரு கோல் போட்டோம். பூஜைக்காரர் பிள்ளை நம் கோலுக்குப் பக்கத்திலிருந்து பந்தை எடுத்து மைதானம் முழுக்க வளைந்து நெளிந்து ஓடி, கோல் கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான். வக்கீல் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே கை தட்டினார். ஹவில்தார் மீசையை ஒதுக்கிக்கொண்டு சும்மா நின்றார். பிறகு வண்டிக்காரர் மகனைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தை சொன்னார்.

"நேரே போ. அவங்க வழி விட்டு மாறும்."

அவன் பந்தை எடுத்துக்கொண்டு நேராக வந்தான். நம் பையன் எதிரே போனான். அவன் பக்கத்தில் வந்ததும் நம் பையன் அழகாக இடுப்பை ஒடித்து ஒதுங்கினான். அடுத்தவனும் ஒதுங்கினான். அதற்கு அடுத்தவன் இரண்டு அடி முன்கூட்டியே ஒதுங்கினான். அகப்படாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு ஒருவனை மறிக்கத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து யார் எதிரே வந்தாலும் விலகிப் பழகிய உடம்புகள். கதவைத் திறந்துவிட்டது போல் இருந்தது. கோல்.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. "வழி, வழி" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். "சாமி, தொட்டால் கறுக்குமோ?" என்று ஒருவன் கேட்டான். நம்மவர்கள் வழி விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தில் தெருவில் வழி என்று குரல் கொடுத்து அடுத்தவரை விலக்கியவர்கள் யார், விலகியவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் குரல் வேறு வாயிலிருந்து வந்தது. அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பையன்களுக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்பது இப்போது புரிகிறது.

இடைவேளையில் அவர்கள் நாலு, நாம் ஒன்று.

சித்தப்பா வேலியோரம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பிறகு, "தப்பு உங்க மேல இல்லை. நான் பாதிதான் பார்த்திருக்கேன்" என்றார். பந்தைக் கையில் எடுத்தார்.

"இது எதால பண்ணினது?"

"தோல்" என்றான் பூஜைக்காரர் பிள்ளை.

"தலையில வாங்கினியோ?"

"வாங்கினேன்."

"அப்போ மடி எப்பவோ போயாச்சு. எப்படியும் முழுகணும். இனிமே ஒருத்தன் மேல பட்டா என்ன, ஒன்பது பேர் மேல பட்டா என்ன? எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே முழுக்குதானே?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயம் புரிந்தது, ஆனால் உடம்புக்குப் புரிய வேண்டுமே. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். விந்தி விந்தி வந்து பூஜைக்காரர் பிள்ளையின் தோளில் தன் தோளால் ஓங்கி ஒரு இடி இடித்தார். அவன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அடுத்தவனுக்கு ஒன்று. அதற்கடுத்தவன் வழக்கம்போல் ஒதுங்கினான். "ஒதுங்காதேடா" என்று துரத்திப் போய் இடித்தார். ஐந்தாவது ஆள் என்ன நினைத்தானோ, திருப்பி இடித்தான். சித்தப்பா மல்லாந்து விழுந்தார். சேறு அப்பிய முகத்தோடு படுத்தபடியே, "இதான், இதான்" என்றார். நனைந்த கோழிகள் மாதிரி நின்ற பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் பாதி மாதிரி ஒரு ஆட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை. வண்டிக்காரர் மகன் வழி என்று சொல்லி வந்தான், வழி கிடைக்கவில்லை. எதிர்வீட்டு மாமியின் பிள்ளை, இடைவேளைக்குப் பிறகு இறங்கிய மூக்கு ஒழுகும் ரிசர்வ், அவனோடு மோதி இரண்டு பேரும் உருண்டார்கள். எழுந்ததும் வண்டிக்காரர் மகன் இவன் குடுமியிலிருந்த சேற்றை வழித்துவிட்டான். நாம் இரண்டு கோல் போட்டோம். கடைசியில் பூஜைக்காரர் பிள்ளை கோலை நோக்கி அடித்த பந்து எல்லாரையும் தாண்டிப் போய், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தேங்கிய தண்ணீரில் நின்றுவிட்டது. அவனும் அவர்களுடைய ஃபுல் பாக்கும் ஒன்றாக அதன் மேல் விழுந்தார்கள். விசில் ஊதிவிட்டது.

நாலுக்கு மூன்று. வக்கீல் சித்தப்பாவின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஸ்வாமி, இப்படி ஒரு ஆட்டம், ஒரு களி, நான் கண்டதில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதாக்கும்." வேலை ஹவில்தாருக்கு.

வீட்டில் அப்பா ஒன்றும் திட்டவில்லை. "கோட்டை வாங்கிண்டு வந்துட்டேன். போட்டுப் பாரு" என்றார். சித்தப்பா போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தோள் தொங்கியது, கை நீண்டு விரல் பாதி மறைந்தது. "எழுதறச்சே மசி படாது" என்றார் அப்பா. சித்தப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். உறியிலிருந்து பந்தை எடுத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார். அந்த சப்தத்தை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அம்மாவும் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கொட்டுகிற மழையில் ஹவில்தார் ஓலைக்குடையோடு வந்து வாசலில் நின்றார். குத்திக்காட்ட வந்திருக்கிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

"ஜெயிச்சாச்சே. இன்னும் என்ன வேணும்?"

"தம்பி ஸ்வாமியைக் காணணும்."

"அவன் நாளைக்கு உத்தியோகத்துல சேரப் போறான். பந்து விஷயம் முடிஞ்சு போச்சு."

அம்மா ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். ஹவில்தார் குனிந்து எடுத்துக்கொண்டார். "அம்மை நல்ல களிக்காரி. தொடாமலே பாஸ் கொடுத்தாச்சு" என்றார். அம்மாவின் முகம் சிவந்தது. உள்ளேயிருந்து சித்தப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஸ்வாமி, ஒரு காரியம் பறையட்டே" என்றார் ஹவில்தார். "பழக்கறதுக்கு எனக்கு அறியும். அடிச்சு, ஓட்டி, பழக்கிடுவேன். ஆளைக் காணறதுக்கு எனக்குக் கண்ணு இல்லை. அந்தப் பையனை ஸ்வாமி குடத்தோட கண்டெடுத்ததாக் கேட்டேன். நான் அவனைக் கண்டிருந்தால் தண்ணி கொண்டு போறான்னுதான் நினைச்சிருப்பேன். நீங்க கண்டுபிடிச்சுத் தாங்கோ, நான் பழக்கறேன். வக்கீல் சம்மதிச்சாச்சு."

"ஆள் பிடிக்கிற உத்தியோகமா?" என்றார் அப்பா.

சித்தப்பா உள்ளே போய் ஆணியிலிருந்த கோட்டை எடுத்து வந்தார். "அண்ணா, இது உங்களுக்குத்தான் அளவா இருக்கும்" என்றார்.

அப்பா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ரிடையராகும் வரை கச்சேரிக்குப் போனார். இவன் ஒரு வருஷம் தாங்க மாட்டான் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதில்தான் அவர் கணக்குத் தவறிவிட்டது.

சித்தப்பா அப்புறம் நடந்துகொண்டே இருந்தார். கடற்கரையில் வலை இழுப்பவர்களைப் பார்ப்பார். சந்தையில் மூட்டை தூக்குபவர்களைப் பார்ப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பொன்முடி மலைக்கு நடந்தே ஏறுவார். எஸ்டேட் கூலிக்காரர் லயத்துப் பையன்கள் வளைவு ரோட்டில் சுற்றாமல் சரிவில் நேராகப் பாய்ந்து இறங்குவதைத் தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து பார்ப்பார். அங்கிருந்து கூட்டி வந்த ஒருவனைத்தான் வக்கீல் கடைசிவரை தன் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். சித்தப்பாவுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்றார்கள். "பார்க்கிறதுதான் வேலை" என்றாராம் அப்பா. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. வேறு எதுவும் நடக்கவில்லை. சித்தப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் கண்டதில்லை.

ஒரு ஆறாட்டுத் திருவிழா நாள் எங்கள் ஹோட்டலுக்கு வந்தார். நரைத்துப் போய், கையில் தடி. ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க உள்ளே நெருக்கிக்கொண்டிருந்தது. அவர் மூலை பெஞ்சியில் இருந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. இரண்டு கையிலும் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு, வருகிறவர்கள் போகிறவர்கள் குழந்தைகள் நடுவில் போய் வந்துகொண்டிருந்தேன். நான் தினமும் செய்கிற வேலை.

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார். விந்தி விந்தி நேராக என்னிடம் வந்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் இடிக்க வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அதுவரை எல்லாருக்கும் ஒதுங்கி வழி விட்டவன். அன்று ஒதுங்கவில்லை. அவர் தன் தோளால் என் தோளில் ஓங்கி இடித்தார். இடித்தவர்தான் தள்ளாடிப் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. என் கையிலிருந்த டம்ளர்களைப் பார்த்தார். ஒன்றும் சிந்தவில்லை. பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"எத்தனை நாளாடா இப்படி?"

"வந்ததுலேர்ந்து சித்தப்பா."

"பொன்முடி வரைக்கும் நடந்தேனேடா" என்றார். "உன்னை நான் பந்து பொறுக்க அனுப்பிட்டேன்."

ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை மெதுவாக ஆற்றிக் குடித்துவிட்டு, போகிற வழியில் என்னை மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வரை எனக்குத் தோள் வலித்தது. வீட்டில் தைலம் எடுத்துக் கொடுத்தார்கள். நான் தேய்த்துக்கொள்ளவில்லை. வலி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.